எஸ்தரின் தப்பான கட்டுரை

எஸ்தருக்குப் பரிசு என்று தெரிந்த அன்று, சாந்தோமில் அதற்காகச் சந்தோஷப்படாத ஒரே ஆள் எஸ்தர்தான்.

தொலைபேசியை எடுத்தது அவள் கணவர் ராபர்ட். துறைமுகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கிரேன் ஓட்டியவர். அந்த இரைச்சலில் பேசிப் பழகிய குரல் ஓய்வு பெற்ற பிறகும் இறங்கவில்லை. "ஆமாம்மா, எஸ்தர் மேடம் வூடுதான். இன்னா விஷயம்? பரிசா? எங்க எஸ்தருக்கா?" என்று அவர் கேட்டது மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டம்மாவுக்கும் சேர்த்தே கேட்டது. எஸ்தர் சமையலறையிலிருந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் பாதித் தெருவுக்குச் செய்தி போய்விட்டது.

பேசியவள் பெயர் உம்மே ஹானி. தரமணியில் ஒரு கடல் ஆராய்ச்சி நிறுவனத்தின் நூலகத்தில் வேலை பார்ப்பவள். அந்த நிறுவனம் நடத்தும் 'தென்கடல் ஆய்விதழ்' தொடங்கி அறுபது வருஷம் ஆகிறது. இத்தனை காலத்தில் அதில் யார் யார் எழுதினார்கள், யார் அதிகம் எழுதினார்கள், எழுதியதில் எதையெல்லாம் பிற விஞ்ஞானிகள் தங்கள் கட்டுரைகளில் மேற்கோள் காட்டினார்கள் என்று அளந்து சொல்லும் வேலையை அவளிடம் கொடுத்திருந்தார்கள். விழாவில் இரண்டு பரிசு. அதிகம் எழுதியவருக்கு ஒன்று. எழுத்தால் அதிகத் தாக்கம் உண்டாக்கியவருக்கு ஒன்று.

"தாக்கத்துல நீங்கதான் மேடம் ஃபர்ஸ்ட். ரெண்டாவதா இருக்கிறவர் உங்களுக்குப் பாதிகூட இல்ல. ஒரே பேப்பருக்கு எழுநூறுக்கு மேல சைட்டேஷன்! அறுபது வருஷத்துல வேற யாருக்குமே இல்ல."

எஸ்தர், "எந்தப் பேப்பர்மா?" என்று கேட்டாள். பதில் அவளுக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டாள்.

"கத்தாளை மீனோட வயசு பத்தினது, மேடம். எண்பத்தெட்டுல வந்தது."

அவள் எழுதியதிலேயே தப்பான கட்டுரை அதுதான்.

அந்தத் தப்பு எப்படி நடந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

எஸ்தரின் அப்பா செபஸ்தியான் கட்டுமரத்தில் போன மீனவர். குப்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் பெண் எஸ்தர். விலங்கியல் படித்து, கடல் உயிரியலில் பட்டம் வாங்கி, முப்பது வயதில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளராகவும் ஆகிவிட்டாள். கத்தாளை மீனின் தலைக்குள் காதோரமாக ஒரு ஜோடிக் கல் இருக்கும். வெள்ளையாக, பட்டாணி அளவில். அந்தக் கல்லை மெல்லிசாகத் தேய்த்து உருப்பெருக்கியில் பார்த்தால், மரத்தின் குறுக்குவெட்டில் தெரிவதுபோல் வளையம் வளையமாகத் தெரியும். குளிர் நாடுகளில் எழுதப்பட்ட புத்தகங்கள் ஒரு வளையம் என்றால் ஒரு வயது என்று சொல்லின. எஸ்தரும் அப்படியே எண்ணினாள். ஏலம் போன கத்தாளைகளின் தலைகளைப் பை பையாக வாங்கி வந்து, கண் எரிய எரிய எண்ணி, எட்டு வளையம் உள்ள மீனுக்கு எட்டு வயது என்று எழுதினாள்.

இரண்டு வருஷம் கழித்து மேற்குக் கரையிலிருந்து ஒரு விஞ்ஞானி அதே இதழில் பதில் எழுதினார். உங்கள் புத்தகம் சொல்வது பனி பெய்கிற ஊருக்கு. நம் கடலில் இரண்டு பருவமழைக்கும் ஒவ்வொன்றாக, வருஷத்துக்கு இரண்டு வளையம் விழுகிறது. எட்டு வளையம் என்றால் நாலு வயதுதான். மீனைக் குஞ்சிலிருந்து தொட்டியில் வளர்த்துக் காட்டியிருந்தார். மறுக்க ஒன்றுமில்லை. எஸ்தர் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு உட்கார்ந்து, 'அவர் சொல்வதே சரி, என் கணக்கு பிழையானது' என்று அரைப் பக்கக் குறிப்பு எழுதி அனுப்பினாள். அடுத்த இதழில் அதுவும் வெளிவந்தது. ஒரு விஞ்ஞானி செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம் என்ற நிம்மதியோடு மீனை விட்டுவிட்டு நண்டுக்குப் போனாள்.

அடையாற்று முகத்துவாரத்துச் சேற்றில் இறங்கி, நண்டுக் குஞ்சுகள் முட்டையிலிருந்து வெளிவந்து சட்டை சட்டையாக உரித்துப் பெரிதாவதை ஒவ்வொரு நிலையாகப் படம் வரைந்து எழுதினாள். அது பதினாலு வருஷ வேலை. சேற்றுப்புண் வந்து கால் வீங்கிப்போன மழைக்காலங்கள் எத்தனையோ. அந்த வேலையில் ஒரு பிழையும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். எப்போதாவது தூக்கம் வராதபோது மனசுக்குள் அந்தப் படங்களைப் புரட்டிப் பார்த்துக்கொள்வாள்.

கத்தாளைக் கட்டுரை மட்டும் சாகவில்லை. மீனுக்கு வயது பார்க்கிறவர்கள் உலகத்தில் எங்கே எழுதினாலும், முன்னுரையில் ஒரு வரி சேர்த்துக்கொண்டார்கள்: 'வெப்பமண்டல மீன்களில் ஒரு வளையத்தை ஒரு வருடமாகக் கொண்டால் வயது இரட்டிப்பாகிவிடும்; உதாரணம், எஸ்தர், 1988.' பாடப்புத்தகத்திலும் வந்துவிட்டது. பிரேசிலில் ஒருவர் அதற்கு 'எஸ்தர் பிழை' என்று பெயரே வைத்துவிட்டார். அந்த எழுநூறும் இப்படிச் சேர்ந்தவைதான்.

ஹானி அந்த வாரமே வீட்டுக்கு வந்தாள். கையில் மடிக்கணினி, இனிப்புப் பெட்டி. கச்சேரி ரோட்டுப் பக்கம்தான் அவள் வீடு. ஆட்டோவுக்குக்கூடச் சொல்லாமல் நடந்தே வந்திருந்தாள். ராபர்ட் அவளை உட்காரவைத்து, மின்விசிறியைக் கூட்டி, "எத்தினி பேருமா எங்க எஸ்தர் பேர எழுதிக்கீறாங்க? எழுநூறா? ஃபாரின்லயா? பார்த்தியா!" என்று தொடையில் தட்டிக்கொண்டார்.

திரையில் வட்டம் வட்டமாக ஒரு படம் வந்தது. ஒவ்வொரு வட்டமும் ஓர் ஆசிரியர். மேற்கோள் கூடக் கூட வட்டம் பெரிதாகும். நடுவில் பூசணிக்காய் போல ஊதி நின்ற வட்டத்தில் எஸ்தர் என்று எழுதியிருந்தது.

"நண்டு எங்க இருக்கு?" என்று எஸ்தர் கேட்டாள்.

ஹானி தேடினாள். படத்தை நாலு தடவை பெரிதாக்க வேண்டியிருந்தது. ஓரத்தில் கடுகு மாதிரி சில புள்ளிகள். "நண்டு பேப்பர்ஸ் எல்லாம் சேர்த்து பதினொண்ணு வருது, மேடம். அதுல ஆறு நீங்களே உங்கள சைட் பண்ணது."

"எண்பத்தெட்டுப் பேப்பரை ஏன் இத்தனை பேர் எடுத்திருக்காங்கன்னு ஏதாவது ஒண்ணைப் படிச்சுப் பார்த்தியாம்மா?"

"இல்ல மேடம். மூவாயிரத்துச் சொச்சம் பேப்பர் இதழ்ல. எல்லாத்துக்கும் சாஃப்ட்வேர்தான். எண்ணிக்கை மட்டும்தான் எடுக்கும். யார் எதுக்கு எடுத்தாங்கன்னு அதுக்குத் தெரியாது."

"ஒண்ணைத் திற."

ஹானி ஒன்றைத் திறந்தாள். வாசித்தாள். இன்னொன்றைத் திறந்தாள். மூன்றாவதைத் திறந்தபோது அவள் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. "யா அல்லா" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள்.

எஸ்தர் அவளுக்கு அந்த அரைப் பக்கக் குறிப்பைப் பற்றிச் சொன்னாள். ஹானி அதையும் தேடிப் பார்த்தாள். இருந்தது. அதை யாரும், ஒரு தடவைகூட, மேற்கோள் காட்டவில்லை. ஆனால் எஸ்தர் எழுதிய கட்டுரைகளின் எண்ணிக்கையில் அது ஒன்றாகச் சேர்ந்திருந்தது. தப்புக்கு எழுநூறு, தப்பு என்று ஒப்புக்கொண்டதற்குக் கட்டுரைக் கணக்கில் ஒன்று. இரண்டுமே ஆதாயம்.

"நான் எடிட்டர் சார்கிட்ட சொல்லிடறேன் மேடம்" என்றாள் ஹானி. வந்தபோது இருந்த வேகம் போகும்போது இல்லை. ராபர்ட் வாசல் வரைக்கும் போய், "அடிக்கடி வாம்மா, நம்ம வூடு மாதிரி" என்று வழியனுப்பினார்.

ஹானி சொல்லித்தான் பார்த்தாள். இரண்டு நாள் கழித்து போன் செய்தாள். "கேட்டுக்கிட்டார், மேடம். ஆனா அழைப்பிதழ் பிரிண்டுக்குப் போயாச்சாம். நீங்க நேர்ல பேசினா நல்லாருக்கும்."

அதற்குள் ராபர்ட் கையில் காரியம் போய்விட்டிருந்தது. ராபர்ட்டின் தங்கை தேசம்மா லூப் ரோட்டில் மீன் விற்கிறவள். அவள் காதில் ஒரு விஷயம் விழுந்தால் பட்டினப்பாக்கம் வரைக்கும் போய்த் திரும்பும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் மைக்கைப் பிடித்து, "நமது பங்கைச் சேர்ந்த சகோதரி எஸ்தர், மீன்களின் வயதைக் கண்டுபிடித்ததற்காக" என்று அறிவித்தார். கோயில் முழுக்கக் கை தட்டியது. பீடத்தை நோக்கி உட்கார்ந்திருந்த எஸ்தருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கும்பிட்ட கையை இறக்காமலே இருந்துவிட்டாள். ஜெபம் பண்ணுகிறாள் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறித் தரமணியில் இறங்கி, வெயிலில் நடந்து நிறுவனத்துக்குப் போனாள். முதன்மை ஆசிரியர் வெள்ளைத்துரை எழுந்து நின்று வரவேற்றார். நல்ல மனிதர். எஸ்தர் மீது மரியாதை உள்ளவர். மோர் வரவழைத்தார். எஸ்தர் சொன்னதை எல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"ஹானியும் சொன்னா, மேடம். எனக்கும் முன்னாடியே கொஞ்சம் தெரியும்" என்றார்.

"தெரிஞ்சுமா சார் போட்டீங்க?"

"கமிட்டி முடிவு பண்ண விதி அது. அதிக எண்ணிக்கை யாருக்கோ அவங்களுக்குப் பரிசு. எதுக்காக சைட் பண்ணாங்கன்னு பார்க்க ஆரம்பிச்சா உங்களோட நிக்காது. மூவாயிரம் பேப்பரையும் பார்க்கணும். யார் பார்க்கறது? அப்புறம் ஒவ்வொருத்தரும் வந்து என்னோடது நல்ல சைட்டேஷன், அவரோடது கெட்ட சைட்டேஷன்னு சண்டைக்கு நிப்பாங்க."

"அப்ப அந்தக் கட்டுரையையே திரும்ப எடுத்துக்கறேன். வாபஸ்னு போட்டுடுங்க."

வெள்ளைத்துரை மோர் டம்ளரைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். "பொய்யா டேட்டா எழுதினவங்களோடதைத்தான் வாபஸ் பண்ணுவோம். நீங்க எண்ணினது நிஜம். அர்த்தம் பண்ணினதுதான் தப்பு. முப்பத்தாறு வருஷம் கழிச்சு அதை எடுத்தா உங்க பேருக்குத்தான் களங்கம்." கொஞ்சம் தயங்கிவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இன்னொண்ணும் இருக்கு மேடம். மறைக்க விரும்பல. நம்ம இதழுக்கு வெளியில ஒரு மதிப்பு இருக்குன்னா, அதுல பெரிய பங்கு உங்க அந்த ஒரு பேப்பர். அதை எடுத்தா எழுநூறும் கழிஞ்சிடும். அங்கீகாரம் உள்ள இதழ்கள் பட்டியல்லேருந்தே நம்மளத் தூக்கிடுவாங்க. இதுல எழுதற சின்னப் பசங்களுக்கு வேலைக்கு மார்க் கிடைக்காது."

அவர் சொன்னது எதுவும் பொய்யில்லை. எதிரில் இருப்பவர் கெட்டவராக இருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

"எதிர்த்து எழுதினாலும் அதுவும் ஒரு தாக்கம்தானே, மேடம்? நீங்க தப்பு பண்ணலைன்னா யாரும் சரி பண்ணியிருக்க மாட்டாங்க" என்று ஆறுதலாகச் சொல்லி, வாசல் வரைக்கும் கூடவே வந்தார்.

அன்று சாயங்காலம் ராபர்ட்டிடம் சொல்லிவிடுவது என்று எஸ்தர் முடிவு செய்தாள். அவர் விழாவுக்குப் போட வேண்டிய சட்டையை இஸ்திரிக்காரரிடமிருந்து வாங்கி வந்து கதவில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"இங்க பாருங்க. கொஞ்சம் உக்காருங்க. அந்தப் பேப்பர் தப்பு. எழுநூறு பேரும் அது தப்புன்னு சொல்லத்தான் என் பேரை எழுதியிருக்காங்க."

ராபர்ட் உட்காரவில்லை. "யாரு சொன்னா?"

"நான்தான் சொல்றேன். எனக்குத் தெரியாதா?"

"அட, கம்முனு இரு எஸ்தரு. நீ எப்பவும் இப்பிடித்தான். பி.எச்.டி வாங்குனப்பவும் பாஸாவே மாட்டேன்னு அழுதுகினு இருந்த." சட்டையின் காலரை நீவிவிட்டார். "தப்புன்னே வெச்சிக்கோ. ஒருத்தன் தப்பு பண்ணா நாலு பேரு சொல்லுவான், பத்து பேரு சொல்லுவான். எழுநூறு பேரு சொல்லுவானா? அவனுக்கெல்லாம் வேற வேலை இல்லியா?"

எஸ்தர் ஆரம்பத்திலிருந்து சொன்னாள். கல், வளையம், இரண்டு பருவமழை, எல்லாம். ராபர்ட் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் அவர் முகம் மாறியது. புரிந்ததா, புரியவில்லையா என்று எஸ்தருக்கு இன்றுவரை தெரியாது. கட்டில் ஓரத்தில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தோ பாரு. நீ சேத்துல நின்னு நண்டு புடிச்சது எனக்குத் தெரியும். எத்தினி ராத்திரி உன் கால்ல மருந்து போட்டுகீறேன். அதுக்கு ஒரு நாயும் ஒரு மால போடல. இப்ப இன்னாத்துக்கோ போடறானுங்க. வாங்கிக்க. தேசம்மாவாண்ட இதெல்லாம் சொல்லிக்கினு இருக்காத. அவ பாவம், சந்தோசமா கீறா."

எஸ்தர் எழுந்து, கதவில் மாட்டியிருந்த சட்டையை எடுத்து அலமாரியில் வைத்தாள்.

விழா தரமணி நிறுவனத்தின் குளிரூட்டிய அரங்கத்தில் நடந்தது. ராபர்ட் முன்வரிசையில். தேசம்மா அன்று கடை போடவில்லை. பட்டுப் புடவையும் மல்லிகையுமாக வந்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேராசிரியரிடம், "எங்க அண்ணிதான் சார்" என்று தானாகவே அறிமுகம் செய்துகொண்டாள்.

முதலில் அதிகம் எழுதியவருக்கான பரிசு. அது எப்போதோ இறந்துபோன ஓர் இயக்குநருக்குப் போனது. அவர் காலத்தில் நிறுவனத்திலிருந்து எது வெளிவந்தாலும் கடைசியில் அவர் பெயர் இருக்கும். அப்பாவின் பரிசை வாங்க வந்த மகன், மேடையில் நின்று, "அப்பா இவ்வளவு எழுதினார்னு எங்க வீட்ல யாருக்குமே தெரியாது" என்றான். அவன் உண்மையாகத்தான் சொன்னான்.

பிறகு எஸ்தர். அறிவிப்பாளராக வந்த இளம்பெண் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்து வாசித்தாள்: "கத்தாளை மீனின் வயதை முதன்முதலாகத் துல்லியமாகக் கணக்கிட்டு உலகுக்கு அறிவித்தவர்..." துல்லியமாக என்ற சொல்லை யார் எழுதிச் சேர்த்தார்கள் என்று எஸ்தர் பிற்பாடு விசாரித்தாள். யாருக்கும் தெரியவில்லை. பாராட்டுரை என்றால் அப்படி ஒரு சொல் தானாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும் போலிருக்கிறது.

சால்வை போர்த்தினார்கள். கேடயம் கொடுத்தார்கள். ஏற்புரைக்கு மைக்கைத் தள்ளினார்கள். எஸ்தர் கேடயத்தைக் கீழே வைத்தாள். இதுதான் கடைசிச் சந்தர்ப்பம் என்று அவளுக்குத் தோன்றியது.

"எல்லாருக்கும் வணக்கம். இங்க வாசிச்சது சரியில்ல. நான் அந்த வயசைத் தப்பாக் கணக்குப் போட்டேன். வேறொருத்தர்தான் சரியாச் சொன்னார். என் பேரை எல்லாரும் எழுதினது இப்படிச் செய்யக் கூடாதுன்னு காட்டறதுக்கு. இந்தப் பரிசு எனக்கு வர வேண்டியது இல்ல."

பின்வரிசையில் யாரோ லேசாகச் சிரித்தார். அன்பான சிரிப்பு. பிறகு ஒருவர் கை தட்டினார். உடனே எல்லாரும் தட்டினார்கள். சிலர் எழுந்து நின்றும் தட்டினார்கள். தலைமை விருந்தினர் மைக்கை வாங்கி, "இவ்வளவு பெரிய சாதனைக்கு அப்புறமும் இந்த அடக்கம். இளைய விஞ்ஞானிகள் இதைத்தான் கத்துக்கணும்" என்றார். கைதட்டல் இன்னும் பலமானது. தேசம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எஸ்தர் "இல்ல சார், நான் சொல்றது" என்று ஆரம்பித்தாள். மைக் அதற்குள் அடுத்தவர் கைக்குப் போய்விட்டது.

ஓரத்துச் சுவரருகே நின்றிருந்த ஹானி மட்டும் கை தட்டவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஒரு நாளிதழில் படத்தோடு வந்தது: 'மீனின் வயதைக் கணித்த மீனவர் மகள்.' ராபர்ட் பத்துப் பிரதி வாங்கினார். அதைப் பார்த்துவிட்டுப் பாலவாக்கத்திலிருந்து ஜெனிதா என்று ஒரு மாணவி பேசினாள். ஒரு தனியார் கல்லூரியில் முதுகலை இறுதியாண்டு. "மேடம், என் ப்ராஜெக்டே உங்க மெத்தட்லதான் மேடம் பண்ணியிருக்கேன். ஒரு வளையம், ஒரு வருஷம். உங்களுக்கு அவார்டு வந்ததும் எங்க கைட் ரொம்ப சந்தோஷப்பட்டார்."

எஸ்தர் பதறிப்போய், அப்படிச் செய்யக் கூடாது, இரண்டு வளையம்தான் ஒரு வருஷம், எதிர்க்கட்டுரையைப் படி என்று மூச்சுவிடாமல் சொன்னாள்.

"மேடம், சப்மிட் பண்ணியாச்சு மேடம். இப்ப மாத்தினா ஒரு வருஷம் போயிடும். எனக்கு வேலை வேற கிடைச்சிருக்கு."

"அது தப்பாச்சே, கண்ணு."

"உங்களுக்கே அவார்டு குடுத்திருக்காங்களே மேடம்?"

அந்தப் பெண்ணைக் கோபிக்கவும் எஸ்தருக்கு மனசு வரவில்லை. சரிம்மா, நல்லாயிரு என்று வைத்துவிட்டாள். முப்பத்தாறு வருஷமாக அந்தக் கட்டுரை எல்லாருக்கும் எச்சரிக்கையாக இருந்தது. அதில் அவளுக்கு ஓர் ஆறுதல்கூட இருந்தது. தன் பிழையாவது ஒரு வேலைக்கு ஆகிறதே என்று. இப்போது அது எச்சரிக்கையும் இல்லை.

இதழுக்குக் கடிதம் எழுதினாள். விழாவில் வாசித்தது தவறு, கட்டுரையின் முடிவை யாரும் பின்பற்ற வேண்டாம் என்று நாலு வரி. ஏற்கெனவே இது குறித்து இதழில் திருத்தக் குறிப்பு வெளியாகியிருப்பதால் மறுபடி வெளியிட இயலாது என்று மரியாதையாகப் பதில் வந்தது. அந்தத் திருத்தக் குறிப்பு, யாரும் எடுத்துப் பார்க்காத அவளுடைய அரைப் பக்கம்தான்.

ஹானியும் தன்னால் ஆனதைச் செய்தாள். தன் ஆய்வறிக்கையில், மேற்கோள்களின் எண்ணிக்கை பாராட்டைக் குறிக்காது, முதலிடத்தில் இருக்கும் கட்டுரை மறுக்கப்பட்ட ஒன்று என்று ஒரு பத்தி சேர்த்தாள். அச்சுக்குப் போகும்போது இடப் பற்றாக்குறை என்று அந்தப் பத்தியை நீக்கிவிட்டார்கள். வட்டங்கள் போட்ட படம் மட்டும் முழுப் பக்கத்துக்கு வந்தது. அதைக் கொண்டுவந்து கொடுக்கும்போது, "என்னை மன்னிச்சிடுங்க மேடம். நான் எண்ணாம இருந்திருக்கலாம்" என்றாள்.

"நீ எண்ணினது சரிதானேம்மா. நானும்தான் சரியா எண்ணினேன்" என்றாள் எஸ்தர்.

பிறகு அவள் நண்டுப் படங்களில் ஒன்றை எடுத்துக் காட்டினாள். ஹானிக்கு நண்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. இருந்தாலும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். முள் மாதிரி நீட்டிக்கொண்டிருந்த ஒன்றைத் தொட்டு, இது என்ன மேடம் என்று கேட்டாள். எஸ்தர் சொன்னாள். அன்றைக்கு ராபர்ட் இரண்டு தடவை டீ போட்டுக் கொடுத்தார்.

அடுத்த வருஷம் ஹானிக்கு ஹைதராபாத்தில் நிரந்தர வேலை கிடைத்தது. போவதற்கு முன் போன் செய்து, எழுநூறு இப்போது எழுநூற்றைம்பதைத் தாண்டிவிட்டது என்றும், புதிதாகச் சேர்ந்ததில் நாலைந்து பேர் அதைச் சரியென்று நம்பி எழுதியிருக்கிறார்கள் என்றும் சொன்னாள். சொல்லாமல் இருக்கலாமா என்று யோசித்ததாகவும் சொன்னாள்.

அதற்குச் சில வாரம் கழித்து வெள்ளைத்துரையிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. வருஷாவருஷம் அதிக மேற்கோள் பெறும் இளம் விஞ்ஞானிக்கு ஒரு பரிசு ஏற்படுத்தப்போகிறார்களாம். அதற்கு எஸ்தர் பெயரை வைக்கக் கமிட்டி ஒருமனதாகத் தீர்மானித்திருக்கிறதாம். அவளுடைய சம்மதம் வேண்டும். எஸ்தர் மறுத்து ஒரு பதில் எழுதினாள். படித்துப் பார்த்தபோது அது மேடையில் பேசியதைப் போலவே இருந்தது. இதையும் அடக்கம் என்றுதான் சொல்வார்கள். அழித்தாள். இன்னொன்று கடுமையாக எழுதினாள். வெள்ளைத்துரை வாசலில் வெயிலில் நின்று வழியனுப்பியது ஞாபகம் வந்தது. அதையும் அழித்தாள். நாளைக்கு யோசித்து எழுதலாம் என்று மூடிவைத்தாள். அப்படியே நாள் போய்க்கொண்டிருந்தது.

பதில் வராததையே சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை தபாலில் அழைப்பிதழ் வந்தது. ராபர்ட் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, 'முனைவர் எஸ்தர் ராபர்ட் விருது' என்று எழுத்து எழுத்தாகச் சத்தமாக வாசித்தார். தன் பெயரும் சேர்ந்து வந்திருப்பதை அப்போதுதான் கவனித்து, இன்னொரு தடவை வாசித்தார்.

"எஸ்தரு, கேட்டியா?"

"கேட்டுது" என்றாள் எஸ்தர், உள்ளேயிருந்து. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. தீயைக் குறைத்தாள்.